பகதூர் காசும் பாதி ரொட்டியும்

என் தங்கை ஓகுல்பிகே அழவில்லை. கோழி செத்தால்கூட ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கிறவள், இன்று அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உடுப்பின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. அவள் பிள்ளை எஸென் என் தோளில் கிடந்து, தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டிருந்தான். புட்டிப்பாலை இதுவரை என் சட்டையில்தான் துப்பியிருக்கிறான். தாய்மாமன் சட்டை என்றால் அவனுக்கு அவ்வளவு உரிமை.

"சார், பிள்ளைக்குப் பசி. கொஞ்ச நேரம் அவகிட்ட குடுக்கறேன்," என்றேன்.

"காசு எங்கன்னு சொல்லட்டும். அப்புறம் தாராளமா பால் குடுக்கட்டும்," என்றார் போலீஸ் கேப்டன்.

"அவனுக்கு வாய் பேச வராது சார். வந்தா அவனையும் விசாரிப்பீங்க போல."

கேப்டன் சிரிக்கவில்லை. அவருக்கும் கழுத்தில் கத்தி. எங்கள் காவியத் தலைவன் யோல்பார்ஸ் பகதூருக்கும் அவன் தோழர்களுக்கும் இந்த வருடம் வெள்ளிக் காசு அடித்திருந்தார்கள். ஒரு முழுத் தொகுதி எங்கள் ஊரான தெஜெனுக்கு வந்து, கண்ணாடிப் பேழைக்குள் உட்கார்ந்திருந்தது. இன்று பிற்பகல் தலைநகர் ஆஷ்காபாத்திலிருந்து அமைச்சர் வந்து திறந்துவைக்க வேண்டும். காலையில் பேழையைப் பார்த்தால் பகதூரையும் காணோம், தோழர்களையும் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இங்கே வேலை பார்க்கும் ஓகுல்பிகேயிடம். கேட்டதும் "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லி, எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். காசு எங்கே என்பதற்கு மட்டும் பதில் இல்லை. விழா முடிந்ததும் அவளைத் தலைநகருக்குக் கொண்டுபோக வண்டி தயாராக நின்றது. அங்கே போய்விட்டால் அவளை மீட்பது முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்.

"நகருடா," என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் போசான் அக்கா.

புலனாய்வு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். பெரிய உருவம், பூப்போட்ட தலைத்துணி, வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். தொலைந்த ஒட்டகத்துக்கு ஒரு ரேட், தொலைந்த புருஷனுக்கு அதில் பாதி. அவள் காரை ஓட்டுவதும் வாயை ஓட்டுவதும் என் வேலை.

அக்கா என் தங்கைக்கு எதிரே குனிந்தாள்.

"நீயா எடுத்தே?"

"ஆமா."

"எதுக்கு?"

ஓகுல்பிகே நனைந்த உடுப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"மெர்கெனுக்குச் சொல்லியாச்சா? பிள்ளையோட அப்பன் வர வேணாமா?"

"அவரு ஊர்ல இல்ல. குதிரையக் கூட்டிக்கிட்டு நேத்துக் காலையிலேயே ஆஷ்காபாத் போயிட்டாரு." காலையிலிருந்து அவள் பேசிய ஒரே நீளமான வாக்கியம் அதுதான். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, பிள்ளைய இங்க கொண்டு வராத. அவன் சத்தம் கேட்டா என்னால முடியல."

அவள் திருடியிருக்க மாட்டாள் என்பதை நான் சூரியன் மேல் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போட்ட தாளுக்கு முன்னால் என் சத்தியம் செல்லாக் காசு.

காசு வைத்திருந்த அறைக்குப் போனோம்; காலியாக இருந்தது. விழாவுக்காக நாற்காலி, மேசை எல்லாவற்றையும் முதல்நாளே வெளியே போட்டிருந்தார்கள். நடுவில் வெற்றுக் கண்ணாடிப் பேழை. பின்சுவரில் ஒரு பழைய மர அலமாரி, தரையோடு ஆணி அடித்தது, ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அதற்கும் மேலே, அலமாரியின் தலையை மூடிக்கொண்டு, சிவப்புக் கம்பளம் கூரையிலிருந்து தொங்கியது. போலீஸ்காரர்கள் அலமாரியைக் குடைந்து, தரைப்பலகையைத் தட்டி, ஜன்னல் திரையைக் கூட உதறிவிட்டார்கள். விழாவுக்காக மாட்டிய கம்பளத்தை மட்டும் யாரும் கலைக்கவில்லை.

"மேல என்ன?" என்றாள் அக்கா.

அலமாரியின் உச்சியில், கம்பளம் சற்று விலகியிருந்த ஓரத்தில், பாதி ரொட்டி ஒன்று இருந்தது. கோலம் பதித்த முகம் மேலே பார்த்தபடி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"அதுவா? ரொட்டி," என்றார் கேப்டன். "தடயம்னு எடுத்துக்கட்டுமா? வெண்ணெய் தடவி நீதிபதிகிட்ட குடுக்கலாம்."

"நேத்து சாயங்காலம் ஓகுல்பிகே என்ன சாப்பிட்டா?" என்றாள் அக்கா.

காவலுக்கு நின்ற போலீஸ்காரன் சொன்னான்: அவள் வழக்கமாக ரொட்டித் துணியில் பாதி ரொட்டி கட்டிக்கொண்டு வந்து பேழை பக்கத்தில் வைத்திருப்பாளாம். துணியை மட்டும் காணவில்லையாம்.

அக்கா விதையைத் துப்பினாள். தரையில் அல்ல, கைக்குட்டையில். "இது போதும். காசுகளை அப்படியே அள்ளினா கலகலன்னு ஊரையே எழுப்பும். சுத்தறதுக்குத் துணி வேணும். கைக்குக் கிடைச்சது ரொட்டித் துணி. துணிய உருவினா ரொட்டி கீழ விழும். அப்ப திருடன் என்ன பண்ணுவான்?"

"ரொட்டிய எடுத்து நெத்தியில ஒத்திக்கிட்டு உயரத்துல வைப்பான்," என்றேன். வேறென்ன செய்வது? தரையில் கிடக்கிற ரொட்டியைத் தாண்டிப் போகிற ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. கழுத்தறுக்கப் போகிறவன்கூட குனிந்து எடுத்துவிட்டுத்தான் அறுப்பான்.

"அப்ப திருடன் நம்ம ஆளு. சரி, கை எட்டுதா பாரு."

பிள்ளையைப் போலீஸ்காரன் கையில் திணித்துவிட்டு நுனிக்காலில் நின்று பார்த்தேன். எட்டவில்லை. எகிறிப் பார்த்தேன். ரொட்டியின் விளிம்பு விரலில் தட்டியதே தவிர வைக்கவோ எடுக்கவோ முடியவில்லை. ஊரில் என்னை நெட்டைக்கொக்கு என்பார்கள்.

"உன் தங்கச்சி உன் நெஞ்சு உயரம்," என்றாள் அக்கா.

என் நெஞ்சு உயரம்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. "சார், பாத்தீங்களா? அவ ஏறி வைக்க இங்க ஒரு முக்காலிகூட இல்ல. விடுங்க அவள."

"கையெழுத்துப் போட்டவளை ரொட்டி சொல்லிச்சுன்னு விடச் சொல்றியா? தம்பி, எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு." கேப்டன் நெற்றியைத் துடைத்தார். "காலையில உள்ள வந்தா. பேழையைப் பாத்தா. அலறினா. அப்புறம் மேல பாத்தா. பாத்ததும் அடங்கிட்டா. 'நான்தான் எடுத்தேன்'னுட்டா. மேல இருக்கிற ஆண்டவனைப் பாத்து மனசு மாறிட்டாப்ல. காசைக் கொண்டு வாங்க, திருடனைக் கொண்டு வாங்க. அமைச்சர் காரு வந்து போறதுக்குள்ள."

இந்தக் கட்டடத்தில் என்னைவிட உயரமானவர் ஒரே ஒருவர். காவலாளி ஹொம்மாத் அண்ணன். ஒரு காலத்தில் மல்யுத்தத்தில் ஜில்லாவைக் கலக்கியவர். ஆட்டுத்தோல் தொப்பி வைத்தால் வாசல் நிலையில் இடிக்கும். நேற்று இரவு வரை வாசலில் நின்றவர், இன்று விடுப்பு.

"திருடிட்டு விடுப்பா!" என்றேன், காரை முடுக்கியபடி. பின்சீட்டில் எஸென் அக்காவின் மடியில் விக்கிக்கொண்டிருந்தான். கத்தக்கூட அவனிடம் தெம்பில்லை. கத்தினாலே தேவலை என்று தோன்றியது.

ஊர்க்கோடியில் ஒரு கல்யாணம். முற்றத்தில் மல்யுத்தம் முடிந்து, கம்பத்தில் தலைத்துணி கட்டுகிற நேரம். இளவட்டங்கள் எகிறிக் குதித்து அதைப் பறிக்க வேண்டும், பறித்தவனுக்குப் பரிசு. நடுவர் இருக்கையில் ஹொம்மாத் அண்ணன் மலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடிக்கப் போனேன். அக்கா என் பிடரியைப் பிடித்தாள். "இரு. நான் கேக்கறேன்."

தன் தலைத்துணி ஒன்றை மடித்து அவரிடம் நீட்டினாள். "பகதூரே, இதைக் கம்பத்து உச்சியில கட்டுங்க. உங்களவிட உயரம் இங்க யாரு?"

முற்றமே சிரித்தது.

"கட்டுவாரு கட்டுவாரு, கம்பத்தைப் படுக்க வச்சா கட்டுவாரு," என்றான் ஒருவன்.

"தொப்பியக்கூட அவரு பொண்டாட்டிதான் மாட்டி விடறா," என்றான் இன்னொருவன்.

ஹொம்மாத் அண்ணன் முகம் சுருங்கியது. இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். மார்பு வரை வந்து நின்றுவிட்டன. "போன வருஷம் மேரி ஊர்க்காரன் ஒருத்தன் தூக்கி அடிச்சதுல ரெண்டு தோளும் போச்சு தாயி. தலை சீவறதுகூட இல்ல. நீங்க தெரியாம கேட்டுட்டீங்க."

அவர்தான் திருடன் என்று நான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு நல்ல மனிதர் திருடனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

"உங்களுக்கு ஓகுல்பிகே சேதி தெரியுமா அண்ணே?" என்றேன்.

"தெரியும்பா. ஒத்துக்கிட்டாளாமே. அதுக்கப்புறம் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நான் வெளிய போற அத்தனை பேரையும் தடவிப் பாத்துத்தான் அனுப்பினேன், அந்த வாசல் வழியா ஒரு ஊசி வெளிய போகல. அதை மட்டும் நான் ரொட்டி மேல அடிச்சுச் சொல்லுவேன்." அவர் தன் தோளைத் தடவினார். "இந்தக் கை நல்லா இருந்தா கம்பளத்தையும் நானே மாட்டியிருப்பேன். உன் மாப்பிள்ளைய ஏணியும் கையுமா வரச் சொல்லியிருக்க வேண்டாம். பாவம், பிள்ளையவும் தூக்கிக்கிட்டு வந்தாரு. நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு பக்கத்து அறையில பால் குடுத்துச்சு, அவரு கம்பளம் மாட்டினாரு. குடும்பத்தைப் பாக்கவே நல்லா இருந்துச்சு."

அவர் பேசிக்கொண்டே போனார். எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை.

காரில் ஏறினோம். அக்கா விதை கொறிப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

"அவ மேல பாத்தது ஆண்டவனை இல்லடா," என்றாள்.

"தெரியுது."

"ரொட்டிய. ஏணி இல்லாம அங்க வைக்க முடியாது. ஏணி யாரு கையில இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியும். பாத்த நொடியிலேயே முடிவு பண்ணிட்டா. வாசல் வழியா ஊசிகூடப் போகலேன்னா காசு இன்னும் உள்ளதான் இருக்கு. கம்பளத்துக்குப் பின்னால."

"அக்கா, இந்தக் கேஸை விட்டுடலாமா?"

"விடலாம். சாயங்காலம் உன் தங்கச்சி வண்டியேறுவா."

"விடலேன்னா?"

"உன் மாப்பிள்ளை ஏறுவான்."

எஸென் தூக்கத்தில் உதட்டைச் சப்பினான். நான் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தின் பின்வாசலில் குதிரை ஏற்றுகிற லாரி நின்றது. விழா முடிந்ததும் கம்பளம் பந்தயத் திடலுக்குப் போகிறது, அதை ஏற்றிப் போகத்தான் அந்த லாரி. ஆஷ்காபாத் போயிருப்பதாகச் சொன்ன என் மாப்பிள்ளை மெர்கென், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் சுருண்டிருந்தான்.

கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்தேன். அவன் எதிர்க்கவில்லை.

"உள்ள உன் பொண்டாட்டி பால் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நீ இங்க லாரியில குளிர் காயறியா?"

"அவ ஒத்துக்குவான்னு எனக்கு என்ன தெரியும் மச்சான்? காசு கிடைக்கலேன்னா யாரையும் பிடிக்க முடியாதுன்னு நெனச்சேன். ராத்திரி கம்பளத்தோட எடுத்துட்டுப் போயிடலாம்னு..." அவன் தொப்பியைக் கழற்றினான். "கராகுஷை நாளைக்கு ஏத்தறாங்க."

கராகுஷ் அவன் பழக்குகிற குதிரை. குட்டியில் தாய் செத்து, இவன் கையில் பால் குடித்து வளர்ந்தது. கொட்டில் அரசாங்கத்தினுடையது, குதிரையும் அரசாங்கத்தினுடையது, பாசம் மட்டும் இவனுடையது. அதை ஏதோ வெளிநாட்டுக்குப் பரிசாக அனுப்புகிறார்கள்.

"கொட்டில் மேலாளன் வெள்ளிக் காசுப் பைத்தியம். பகதூர் தொகுதியக் குடுத்தா, கராகுஷுக்குப் பதிலா வேற குதிரைய விமானத்துல ஏத்தறேன்னான். நீ அது ஓடிப் பாத்ததில்ல மச்சான். பாத்தா இப்படி நிக்க மாட்ட."

"காலையில எழுந்ததும் அப்பனைப் பாரு, அப்புறம் உன் குதிரையைப் பாருன்னு நம்மாளுங்க சொல்லி வச்சதை அட்சரம் பிசகாம செஞ்சிருக்கே," என்றேன். "அதுல பொண்டாட்டி பேரு இல்ல பாரு. அது பழமொழியோட தப்பு, உன் தப்பு இல்ல."

கையை ஓங்கினேன். அவன் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அடிக்க முடியவில்லை. அதற்காகவும் அவன்மேல் ஆத்திரம் வந்தது.

போசான் அக்கா எங்கள் நடுவே வந்து நின்றாள்.

"மெர்கென், நான் அரசாங்கம் இல்ல. உன்னைக் காட்டிக் குடுக்கணும்னு எனக்கு விதி இல்ல. காசை நானே கண்டுபிடிச்ச மாதிரி எடுத்துக் குடுத்துடலாம். கேப்டன் என் கையக் கண்ணுல ஒத்திக்குவாரு. ஆனா கையெழுத்துப் போட்ட தாளு அப்படியேதான் இருக்கும். காசும் கிடைச்சது, திருடியும் கிடைச்சான்னு உன் பொண்டாட்டிய இன்னும் சந்தோஷமா கூட்டிட்டுப் போவாங்க. அவ வாயை அவ தொறக்க மாட்டா. தாளைக் கிழிக்கறதுக்கு ஒரே ஒரு வாய்தான் இருக்கு."

பிறகு எஸெனை அவன் கையில் வைத்தாள்.

"இவனுக்குப் பசிக்குது. நீ குடுக்க முடியுமா, அவ குடுக்கணுமா? யோசிச்சுச் சொல்லு. நேரம் நிறைய இல்ல."

பிள்ளை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான். அழவில்லை. குதிரை வேர்வை வாடை அடிக்கிற அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்து, அங்கே பால் தேடினான். காலையிலிருந்து நான் பாடிய தாலாட்டு, காட்டிய கூத்து எதற்கும் அடங்காதவன் அவனிடம் அடங்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மெர்கென் அவனை முகர்ந்து பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"அவ கேட்டா, நானா வந்து சொன்னேன்னு சொல்லு மச்சான். நீங்க கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லாத."

ஏணியை லாரியிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவன் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் காசு அறையிலிருந்து கேப்டனின் சத்தம் கேட்டது. அது ஆனந்தமா ஆத்திரமா என்று பிரிக்க முடியவில்லை. முன்வாசல் பக்கம் அமைச்சரை வரவேற்கிற மேளச்சத்தம் தொடங்கிவிட்டது.

மெர்கெனை வைத்துக்கொண்டு ஓகுல்பிகேயை விட்டுவிட்டார்கள். ஓடி வந்து பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கினாள். காரின் பின்சீட்டில் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். எஸென் மூச்சுத் திணறத் திணறக் குடிக்கிற சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

"மெர்கென் தானாவே வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாத அண்ணே." அவள் திரும்பவில்லை. "நான் ஒரு அம்மா. கைப்பிள்ளைக்காரி. என்னைன்னா கொஞ்ச காலம் வச்சிட்டு விட்டிருப்பாங்க. அவருக்கு யாரு இரக்கம் காட்டுவா? எல்லாத்தையும் நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். உன்னை யாரு கண்டுபிடிக்கச் சொன்னா?"

நான் போசான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கா?" என்றேன், சாவியைத் திருகியபடி.

ஓகுல்பிகே பிள்ளையை மறுபக்கம் மாற்றினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சின்ன வயதில் அழுவதுபோல், ஊருக்கே கேட்கும்படி அழுதாள். நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"கொட்டிலுக்கு விடு. காலையிலேருந்து கராகுஷுக்கு யாரும் தண்ணி காட்டியிருக்க மாட்டாங்க."